சிரிப்பாணியா, மொறைப்பானா?

1

நாங்கள் கனடாவின் இந்தப் புல்வெளி நகரத்துக்குக் குடிவந்து பதினைந்து வருடம் முடிந்துவிட்டது. கொண்டாடாமல் விட்டால் வருடங்கள் கோபித்துக்கொள்ளுமோ என்று ஒரு கேக் வாங்கினோம். என் வீட்டுக்காரர் ரவி கத்தியை எடுக்கவும் வாசல் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. பக்கத்து வீட்டு டேவ். தொப்பியிலிருந்த பனியைத் தட்டிவிட்டு, கேக்கில் ஒரு துண்டை வாங்கிக்கொண்டு, வந்த காரியத்தைச் சொன்னார். குடும்பத்துக்கு ஒரு நடுத்தர எஸ்.யு.வி. வாங்க வேண்டும், இரண்டு வண்டிகளுக்கு நடுவில் மண்டை காய்கிறது, நீங்கள் எப்படி முடிவு செய்தீர்கள்?

ரவிக்கு இதைவிட நல்ல பரிசு வேறு கிடைத்திருக்காது. உடனே மடிக்கணினியைத் திறந்து, நாங்கள் இங்கே வண்டி வாங்கியபோது போட்ட அட்டவணையைக் காட்டத் தொடங்கினார். மைலேஜுக்கு ஒரு கட்டம், டிக்கிக்கு ஒரு கட்டம், மோதினால் யார் யார் பிழைப்பார்கள் என்பதற்கு ஒரு கட்டம். டேவ் சாமி கும்பிடுகிற முகத்தோடு தலையாட்டிக்கொண்டிருந்தார். எனக்கு மட்டும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்து, கேக் புரையேறி, சமையலறைக்கு ஓடினேன்.

இங்கே வண்டி வாங்கிய கதையை எங்கேயும் நிறுத்தாமல் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். ஒரு சனிக்கிழமை போனோம், காப்பி கொடுத்தார்கள், ஓட்டிப் பார்த்தோம், கையெழுத்துப் போட்டோம், வீட்டுக்கு வந்து கராஜ் கதவை இறக்கினோம். ஒரு ஆள் எட்டிப் பார்க்கவில்லை. எவ்வளவுக்கு வாங்கினாய் என்று கேட்க ஒரு நாதி இல்லை. அன்று சாயங்காலம் நான் கராஜுக்குப் போய் அதன் பானெட்டைத் தடவிக் கொடுத்துவிட்டு வந்தேன், பாவமாக இருந்தது.

ஆனால் போன வருடம் மதுரைப் பக்கம் எங்கள் ஊர் எழுமலையில், என் அப்பாவுக்காக ஒரு வண்டி தேடினோமே, அது வேறு கதை. டேவிடம் அதைச் சொல்ல எனக்கு இங்கிலீஷ் போதாது. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

2

எல்லாம் அம்மாவின் ஒரு போன் அழைப்பில் ஆரம்பித்தது.

"பேச்சி வீடு கட்டி முடிச்சிட்டா. தையில பால் காய்ச்சுறா. அண்ணன் வந்தாத்தான் அடுப்பப் பத்த வப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. ஒங்கப்பா மூஞ்சியப் பாக்கச் சகிக்கல."

பேச்சி அத்தை அப்பாவின் ஒரே தங்கை. வத்தலக்குண்டுக்கு மேலே, தாண்டிக்குடி மலையில் காப்பித் தோட்டக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவர். கல்யாணமாகிப் பேரன் எடுத்த பிறகும், அப்பா ஒரு தடவைகூட அவர் வீட்டுக்குப் போனதில்லை. சண்டை ஒன்றும் கிடையாது. அப்பாவுக்கு மூடிய வண்டி ஆகாது, அவ்வளவுதான். பஸ்ஸோ காரோ, ஏறிக் கொஞ்ச நேரத்தில் முகம் வெளுத்து, குடல் வாய்க்கு வந்துவிடும். சமதரையிலேயே இந்தக் கூத்து என்றால் மலைப்பாதையைப் பற்றிக் கேட்க வேண்டாம். அத்தைக்கு முதல் குழந்தை பிறந்தபோது அப்பா சீர்த் தட்டுகளோடு வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்துவிட்டார். அத்தைதான் பச்சைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மலையிறங்கி வந்து, பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் வைத்துச் சீர் வாங்கிக்கொண்டு போனார். அத்தை இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

எங்கள் பக்கத்தில் புது வீட்டில் பால் காய்ச்சுகிறபோது பிறந்த வீட்டுச் சீர் வர வேண்டும். பித்தளைப் பானை, குத்துவிளக்கு, அரிசி, வாழைத்தார் என்று அண்ணன் கொண்டுபோய் இறக்க வேண்டும். இந்தத் தடவை பஸ் ஸ்டாண்டு சீர் செல்லாது என்று அத்தை தீர்த்துச் சொல்லிவிட்டார்.

என் தம்பி பாண்டி மதுரையில் வேலை பார்க்கிறான், எப்படியும் கார் வாங்குவதாக இருந்தான். நானும் ரவியும் கை கொடுக்கிறோம் என்று சொன்னோம். வாங்குகிறதை அப்பாவின் வயிற்றுக்கு ஒத்த வண்டியாகப் பார்த்து வாங்குவோம் என்று குடும்பம் கூடி முடிவெடுத்தது. அப்பா டிராக்டர் ஓட்டினால் மட்டும் ஒன்றும் ஆகாது. அது திறந்த வண்டி, காற்று வருகிறது, அதனால்தான் என்பது எங்கள் வீட்டில் காலங்காலமாக நிலவிய விஞ்ஞானம். ஆக, உயரமான வண்டி, குலுங்காத வண்டி, பின்சீட்டுக்கும் ஏ.சி. வருகிற வண்டி, முக்கியமாகக் கூரையில் கண்ணாடி திறக்கிற வண்டி. தேவைப்பட்டால் அப்பா தலையை வெளியே நீட்டிக்கொள்ளலாம்.

என் மகள் மதியின் பள்ளிக்கு நீண்ட விடுப்பு கேட்டு எழுத வேண்டியிருந்தது. காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? நேர்மையாக, "என் தந்தையின் சகோதரி பால் காய்ச்சுகிறார்" என்று இங்கிலீஷில் எழுதி அனுப்பினேன். ஏதாவது உடல்நலப் பிரச்சினையா, பள்ளி எந்த வகையில் உதவலாம் என்று கவலையோடு பதில் வந்தது. மதி அதைப் படித்துவிட்டு, "அம்மா, ப்ளீஸ், இனிமே நான் எழுதறேன்" என்றாள். அவளுக்குப் பதினான்கு வயது. ஊரை 'உங்க ஊர்' என்றுதான் சொல்வாள்.

3

நாங்கள் போய் இறங்கியது மார்கழி. மார்கழியில் வண்டி எடுக்கக் கூடாது. ஆனால் பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. மதுரை பைபாஸ் சாலையில் இருக்கிற ஷோரூம்களையெல்லாம் பார்த்தோம். குடும்பத்தோடு போனோம். ஒரு ஷோரூமில் நாங்கள் நுழைந்ததும் எங்களைக் கல்யாணக் கூட்டம் என்று நினைத்து, மண்டபம் எதிர்த்தாற்போல என்று வழி சொன்னார்கள்.

கடைசியில் இரண்டு வண்டிகள் மிஞ்சின. இரண்டுமே மூன்று வரிசை சீட்டு. கம்பெனிப் பெயர்கள் அம்மாவின் வாயில் நுழையவில்லை, அதனால் அவரே பெயர் வைத்துவிட்டார். ஒன்றுக்கு முன்விளக்குகள் வளைந்து, பல் தெரியச் சிரிப்பதுபோல இருந்தது. அது சிரிப்பாணி. இன்னொன்றுக்கு நெற்றி தட்டையாக, கண்ணைச் சுருக்கி, கொடுத்த கடனைக் கேட்க வந்தவன் போல நின்றது. அது மொறைப்பான். கொஞ்ச நேரத்தில் விற்பனைப் பிரிவில் இருந்த நிவேதா என்ற பெண்ணும், "மேடம், சிரிப்பாணியில சன்ரூஃப் வருது, மொறைப்பான்ல வராது" என்று பேச ஆரம்பித்துவிட்டாள். இரண்டு கம்பெனி வண்டிகளையும் ஒரே முதலாளி விற்றுக்கொண்டிருந்ததால் அவளுக்கு எது விற்றாலும் சந்தோஷம்தான்.

முதல் ஓட்டம் சிரிப்பாணியில். பாண்டி ஓட்டினான். முன்சீட்டு காலியாக இருந்தது. நிவேதா பின்னால் போய் உட்கார்ந்து, "ஐயா முன்னாடி உக்காரட்டும்" என்றாள்.

அப்பா பதறிப்போனார். "மாப்ள இருக்கும்போது நான் எப்பிடி? மாப்ள, நீங்க உக்காருங்க."

எங்கள் வீட்டில் முன்சீட்டு மாப்பிள்ளைக்கு. இது எழுதாத சட்டம். ரவி கல்யாணமான நாளிலிருந்து எந்த வண்டியிலும் முன்சீட்டைத் தவிர வேறெதிலும் உட்கார்ந்ததில்லை. அப்பா வீட்டுக்குப் பெரியவர், ஆகவே அவருக்கு நடுசீட்டில் நட்ட நடு இடம். ஒரு பக்கம் அம்மா எலுமிச்சம்பழத்தோடு, மறுபக்கம் நான் இஞ்சி மரப்பாவோடு. வயிற்றைப் பிரட்டாது என்று யாரோ சொன்னதால் கீழே ஒரு செய்தித்தாளை விரித்து அதன்மேல் உட்கார வைத்திருந்தோம். இந்த மரியாதைக்கு நடுவில் அவருக்கு ஜன்னல் என்று ஒன்று கண்ணிலேயே படவில்லை.

சன்ரூஃப் திறந்தது. மதி தலையை வெளியே நீட்டி ஊளையிட்டாள். நாகமலை தாண்டுவதற்குள் அப்பா, "ஓரங்கட்டுப்பா" என்றார். பாண்டி ஓரங்கட்டினான். புளியமரத்தடியில் அப்பா குனிந்திருக்க, அம்மா முதுகைத் தடவிக்கொண்டே எங்களைப் பார்த்து, "சிரிப்பாணி சரிவராது" என்று தீர்ப்புச் சொன்னார்.

4

இந்த இடத்தில் என் சொந்தச் சங்கடம் ஒன்றையும் சொல்ல வேண்டும். பாதிப் பணம் நாங்கள் போடுவதால் வண்டியில் என் பேரையும் சேர்த்து எழுதலாமா என்று நிவேதாவைக் கேட்டேன். என் காகிதங்களைப் புரட்டிப் பார்த்தவள், "நீங்க ஃபாரினர் மேடம், தனியா கேக்கணும்" என்றாள். அவள் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் சுருக்கென்றது. "ஏத்தா, நான் உசிலம்பட்டி ஆஸ்பத்திரியில பொறந்தவ" என்றேன். "தெரியுது மேடம், பேச்சுலயே தெரியுது. சிஸ்டத்துக்குத்தான் தெரியாது" என்று சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

கனடாவில் முதன்முதலாக ஓட்டுநர் உரிமம் வாங்கப் போனபோது எனக்கு இதற்கு நேர்மாறாக நடந்தது. தேர்வு நடத்திய அம்மாள், முன்னால் போகிறவருக்கு நான் ஹார்ன் அடித்ததை மகா அவமரியாதை என்று எழுதி என்னைத் திருப்பி அனுப்பினார். நான் ஒரு வணக்கம் சொல்கிற மாதிரிதான் அடித்தேன். கனடாவில் இந்தியாக்காரி என்று ஒதுக்கினார்கள், ஊரில் வெளிநாட்டுக்காரி என்று ஒதுக்குகிறார்கள். போகட்டும், கதைக்கு வருகிறேன்.

இரண்டாவது ஓட்டம் மொறைப்பானில். மதி இதற்குள் 'தாத்தா மீட்டர்' என்று ஒன்று கண்டுபிடித்திருந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்து ஒன்றிலிருந்து ஐந்துவரை எண் சொல்வாள். ஐந்து என்றால் பாண்டி ஓரங்கட்ட வேண்டும். "தாத்தா டூ... தாத்தா டூ... தாத்தா த்ரீ, அம்மா, க்விக்!" செக்கானூரணி வரை தாக்குப்பிடித்தார். எங்களுக்கெல்லாம் நம்பிக்கை வந்து கைதட்டினோம். கைதட்டிய சத்தத்திலேயே ஐந்தாகிவிட்டது.

அன்று திரும்பி வரும்போது அப்பா மினி பஸ்ஸின் படியோரத்தில் நின்றுகொண்டே வந்தார். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "பேச்சிக்குப் போனப் போடு. பாண்டியை அனுப்புறேன்னு சொல்லிரு" என்றார்.

அம்மா போனைப் போட்டார். ஸ்பீக்கரில் அத்தையின் குரல் கேட்டது. "பாண்டி வரட்டும், சாப்பிட்டுட்டுப் போகட்டும். அடுப்பு பத்தாது மதினி. நான் பழைய வீட்டுலயே கெடந்துக்கிறேன்."

அப்பா தொழுவத்துப் பக்கம் போய்விட்டார். எனக்கு அவரைப் பார்க்க அழுகை அழுகையாக வந்தது. தங்கை வீட்டு வாசலை மிதிக்க முடியாத அண்ணன் என்று ஊரில் யாரும் அவரைச் சொன்னதில்லை. அவர்தான் தன்னை அப்படி நினைத்துக்கொண்டிருந்தார்.

5

நிவேதா விடுகிற ஆளாக இல்லை. மொறைப்பானை எழுமலைக்கே கொண்டுவந்துவிட்டாள். "ஐயா அவங்க ஊர்லயே, அவங்க ரோட்டுலயே ஒரு தடவை உக்காந்து பாக்கட்டும் மேடம். பழகுன ரோடுன்னா ஒண்ணும் செய்யாது."

வந்தவளைச் சாப்பிடாமல் அனுப்புவதா? அம்மா அவளைப் பிடித்து உட்கார வைத்து இலையைப் போட்டார். ரவியும் பாண்டியும் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். மதி மட்டும் வெயிலுக்குப் பயந்து, வண்டியிலேயே ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு, காதில் பாட்டு மாட்டி உட்கார்ந்திருந்தாள். சாவி வண்டியில் இருந்தது, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா வாசலில் நின்று, தன்னைத் தோற்கடித்த வண்டியை முறைத்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து மினி பஸ் வந்தது. எங்கள் தெருவில் ஒரு வண்டி நின்றால் இன்னொன்று போக முடியாது. டிரைவர் ஹார்னில் கையை வைத்தால் எடுக்கவே மாட்டேன் என்கிறார்.

"யாருடா வண்டிய எடுக்குறது?" என்று வெளியிலிருந்து அப்பாவின் குரல்.

"இந்தா வாரேன்ப்பா" என்று பாண்டி ரசத்துக்குக் குழி வெட்டிக்கொண்டே சொன்னான்.

பிறகு ஹார்ன் நின்றது. மினி பஸ் போகிற சத்தம் கேட்டது. கை கழுவ வெளியே போன பாண்டி, "அக்கா!" என்று கத்தினான்.

வாசலில் வண்டி இல்லை. அப்பாவும் இல்லை. மதியும் இல்லை.

நிவேதா சோற்றுக் கையோடு தெருவுக்கு ஓடினாள். "சார், அது டெமோ வண்டி சார்! ஐயோ, மேனேஜர் என்னைக் கொன்னுருவாரு!" ரவி செருப்பில்லாமல் பஸ் ஸ்டாண்டு வரை ஓடிவிட்டு வந்தார். எதிர்வீட்டு அக்கா, "ஒங்கப்பாவா? இப்பத்தானே கல்லுப்பட்டி ரோட்டுப் பக்கமாப் போனாரு. டாட்டா காமிச்சாரே" என்றார். அம்மா அசையவில்லை. எலுமிச்சம்பழத்தை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, ஒரு சொம்புத் தண்ணீரோடு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். அவர் கவலை அவருக்கு.

வெகுநேரம் கழித்து மொறைப்பான் தெருமுனையில் திரும்பியது. நிதானமாக வந்து, வேப்பமரத்து நிழல் பார்த்து நின்றது. அப்பா இறங்கினார். "தெருவுல திருப்ப எடமில்ல, அதான் நேரா போயிட்டேன். சோறு இருக்கா?" என்றார்.

எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா எழுந்து போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். வியர்வை இல்லை. கன்னத்தைத் தொட்டார்.

"வயித்தப் பெரட்டலையா?"

"எதுக்குப் பெரட்டணும்?" என்று கேட்டுவிட்டு, அப்பாவே ஒரு நிமிடம் நின்றார். தன் வயிற்றின் மேல் கையை வைத்துப் பார்த்துக்கொண்டார். பிறகு எங்களைப் பார்த்தார்.

மதி வண்டியிலிருந்து குதித்தாள். "ஜீரோ! தாத்தா ஜீரோ! ஃபுல்லா ஜன்னல் க்ளோஸ்டு! அவர் பாட்டு வேற பாடினார், அம்மா!"

அன்றைக்கு எங்கள் வீடு பட்ட கூத்தைச் சொல்லி மாளாது. நிவேதா அழுதுகொண்டே சிரித்தாள். பாண்டி அப்பாவைத் தூக்கிச் சுற்றப் பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டான். இத்தனை வருடமாக அந்த மனிதருக்கு ஆகாமல் இருந்தது வண்டியும் இல்லை, ஏ.சி.யும் இல்லை, வளைவும் இல்லை. பிறர் ஓட்ட, பின்னால் நடுவில், மரியாதையாக உட்கார்ந்திருப்பது ஒன்றுதான் ஆகவில்லை. வருகிறவர்கள் வாசலில் நிறுத்துகிற கார்களை நிழலுக்கு நகர்த்திப் போடுவதே அப்பாதான், டிராக்டருக்காக எடுத்த லைசென்ஸையும் தவறாமல் புதுப்பித்துக்கொண்டிருந்தார். ஆனால் பிள்ளையும் மாப்பிள்ளையும் இருக்கும்போது பெரியவரை ஓட்ட விடுவதா என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

6

அதன்பிறகு தேர்வு தலைகீழாகிவிட்டது. பின்சீட்டு ஏ.சி., சன்ரூஃப், மூன்றாம் வரிசையின் கால் இடம் என்று ரவி அட்டவணையில் போட்டு வைத்திருந்த அத்தனையும் வெறும் காகிதமாகிவிட்டது. அப்பா ஷோரூமுக்குப் போய் முதலில் சிரிப்பாணியின் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"மூக்கு தெரியலையே."

சிரிப்பாணியின் பானெட் சரிந்து இறங்குகிறது, உள்ளே இருந்தால் அது எங்கே முடிகிறது என்று தெரியாது. மொறைப்பானில் ஏறினார். தட்டையான நெற்றி, கண்ணெதிரே கடைசி வரை தெரிந்தது. "இது டிராக்டர் மாதிரி மொகத்தக் காட்டுது. இதுதான் நமக்கு" என்று இறங்கிவிட்டார். அவ்வளவுதான் அவருடைய ஆராய்ச்சி. மதிக்கு சன்ரூஃப் போன துக்கம். "தாத்தா, ஆனா ஸ்கை தெரியாதே?" என்றாள். "நான் ரோட்டப் பாக்கணும்டா, தங்கம்" என்றார்.

மொறைப்பானுக்குக் காத்திருக்கிறவர்கள் வரிசை நீளம். உடனே கிடைக்கிற ஒரே வண்டியை யாரோ பதிவு செய்துவிட்டு வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். ஏன் வேண்டாம் என்றார்கள் என்பது நேரில் பார்த்ததும் புரிந்தது. வண்டி அச்சு அசல் கத்திரிக்காய் நிறம்.

அம்மா சுற்றி வந்து பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. மலையில எங்க நின்னாலும் தெரியும்."

வண்டியை அப்பாவின் பேரிலேயே பதியச் சொன்னோம். ஆதாரில் ஒரு தலைப்பெழுத்து, பான் அட்டையில் வேறு. "ஐயா, இது ரெண்டு பேர் மாதிரி இருக்கே" என்று நிவேதா இழுத்தாள். "ரெண்டு பேரும் நாந்தான் தாயி, ஒரு வண்டி போதும்" என்றார் அப்பா. அதைச் சரிசெய்ய நாங்கள் அலைந்த அலைச்சலை எழுதினால் இன்னொரு கதை ஆகிவிடும். தை பிறந்த அன்று காலையில் வண்டி எங்கள் வாசலுக்கு வந்தது. தெருவே வந்து சுற்றி நின்றது. எம்புட்டு, என்ன மைலேஜ், ஏன் இந்தக் கலர் என்று ஆளுக்கொரு கேள்வி. கனடாவில் கராஜில் தனியாக நிற்கிற என் வண்டியை நினைத்துக்கொண்டேன்.

7

அப்பா தினமும் காலையில் உசிலம்பட்டி வரை ஓட்டிப் பழகினார். கூடப் போக எல்லோரும் போட்டி போட்டோம். அவர் கூட்டிப் போனது அம்மாவை மட்டும். அதுவும் முன்சீட்டில். அம்மா முதல்நாள் வெட்கப்பட்டுக்கொண்டே ஏறினார். மூன்றாம் நாள் பார்த்தால், கண்ணாடியை இறக்கி முழங்கையை வெளியே வைத்துக்கொண்டு, தெரிந்தவர்களிடம் ஒரு விரலைத் தூக்கி விசாரித்துக்கொண்டு போகிறார்.

வத்தலக்குண்டு வரை அப்பா ஓட்டுவது, அங்கிருந்து மலைக்குப் பாண்டி ஓட்டுவது, அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சமாளிப்பது என்று ரவி திட்டம் போட்டார். நான் சரி என்றேன். எனக்குப் பயமாக இருந்தது, ஒளிக்க என்ன இருக்கிறது. மலையேறிய அனுபவமே இல்லாத மனிதர்.

புறப்பட்ட அன்று டிக்கியில் பானையும் குத்துவிளக்கும் அரிசி மூட்டையும் ஏறின. முன்சீட்டில் அம்மா. நடுவில் நானும் பாண்டியும் மதியும். ரவி எங்கே? வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு மாப்பிள்ளை மூன்றாம் வரிசையில், வாழைத்தாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு. "கொஞ்ச தூரந்தானே, சமாளிச்சுக்கிறேன் மாமா" என்று பெருந்தன்மையாகச் சொன்னார்.

வத்தலக்குண்டு வந்தது. பஸ் ஸ்டாண்டு வந்தது. அப்பா வேகத்தைக் குறைத்து அதை ஒரு பார்வை பார்த்தார். நிறுத்தவில்லை.

"அப்பா, நிறுத்துங்கப்பா, நான் ஓட்டுறேன்" என்றான் பாண்டி.

"இங்கன நிறுத்துனது போதும்ப்பா" என்றார் அப்பா.

மலை தொடங்கியது. அப்பா ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் முன்னால் நீளமாக ஹார்ன் அடித்தார், இரண்டாம் கியரில் சுற்றினார், வளைந்து முடித்ததும் அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். எங்களுக்குப் பின்னால் பஸ், பால் வண்டி, ஜீப் என்று ஊர்வலமே சேர்ந்துவிட்டது. "அப்பா, பின்னாடி ஹார்ன் அடிக்கிறான்" என்றான் பாண்டி. "சீர் போகுது, பின்னாலதான் வரணும்" என்றார். நான் சிரிக்க ஆரம்பித்து நிறுத்த முடியாமல் தவித்தேன். மதி வழக்கம்போல எண் சொல்லிக்கொண்டு வந்தாள். "தாத்தா ஜீரோ. அம்மாச்சி ஜீரோ. அம்மா, அப்பா இஸ் அ ஃபோர்!" திரும்பிப் பார்த்தால் ரவியின் முகம் வாழைக்காய் நிறத்தில் இருந்தது.

அத்தை சாலைக்கே வந்து நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் சொம்பு, மறு கையில் எலுமிச்சம்பழம். கத்திரிக்காய் வண்டியைக் கண்டதும் ஓடி வந்தார். முன்பக்கம் பார்க்கவே இல்லை. தன் அண்ணன் எப்படி வருவார் என்பது அவருக்குத் தெரியுமே. நேராகப் பின்கதவைத் திறந்து, "வாண்ணே, குனி, குனி" என்று முதுகில் கையை வைத்தார். குனிந்தது, எங்களைத் தள்ளிக்கொண்டு முதலில் இறங்கிய ரவி.

"ஏ மதினி, இது மாப்பிள்ளையில்ல? எங்கண்ணன் எங்க?" அத்தையின் குரல் உடைந்துவிட்டது. "வரலையா?"

"பேச்சி" என்று முன்னாலிருந்து குரல் வந்தது.

ஸ்டீயரிங் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு அப்பா இறங்கினார். வெள்ளை வேட்டி கசங்கவில்லை. அத்தை சொம்பைக் கீழே வைத்தார். வண்டியைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், மறுபடி வண்டியைப் பார்த்தார்.

"நீயாண்ணே ஓட்டிட்டு வந்த?"

அப்பா தலையாட்டினார். பிறகு கீழே சமவெளியையும், அங்கிருந்து வந்த பாதையையும் திரும்பிப் பார்த்தார். "கிட்டத்தான் இருக்க, பேச்சி" என்றார்.

"நான் எப்பவும் கிட்டத்தாண்ணே இருந்தேன்" என்று சொல்லிவிட்டு அத்தை அழுதார். அப்பாவும் அழுதார். பின்னால் நின்ற பால் வண்டிக்காரர் ஹார்ன் அடிக்காமல் காத்திருந்தார். பித்தளைப் பானையை அப்பாவே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தார். அன்று பொங்கிய பாலைப் போல ஒரு பாலை நான் குடித்ததில்லை. அதில் சர்க்கரை போட மறந்துவிட்டார்கள், யாரும் கவனிக்கவில்லை.

8

இறங்கும்போதும் அப்பாதான் ஓட்டினார். முன்சீட்டில் அம்மா. ரவியை முன்னால் வரச் சொன்னதற்கு, இனி மாப்பிள்ளை முறுக்கே வேண்டாம், ஜன்னல் ஒன்று போதும் என்று கும்பிட்டுவிட்டு, அத்தை கொடுத்த எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி நடுவரிசையில் உட்கார்ந்துகொண்டார். பாண்டி மூன்றாம் வரிசைக்குப் போய்விட்டான்.

நான் அப்பாவை எத்தனையோ தடவை கனடாவுக்குக் கூப்பிட்டிருக்கிறேன். பேச்சை எடுத்தாலே, அம்புட்டு நேரம் டப்பாவுக்குள்ள என்னால முடியாது ஆத்தா என்று முடித்துவிடுவார். அம்மா ஒரு தடவை தனியாக வந்து, குளிரில் மூன்று ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, அவர் நினைப்பாகவே இருந்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு நான் கேட்பதையே விட்டுவிட்டேன்.

நாலாவது வளைவிலோ ஐந்தாவதிலோ, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் அப்பா கேட்டார்:

"ஏத்தா, ஒங்க ஊருல வண்டிய எந்தப் பக்கமா ஓட்டுவாக?"

நான் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் நகர்ந்தேன். "வலது பக்கம்ப்பா."

அப்பா ஒரு வளைவு முழுக்க யோசித்தார். "ரெண்டு நாள்ல பழகிரும்" என்றார்.

"அது கெடக்கட்டும்" என்றார் அம்மா. "ஏரோப்பிளான யாரு ஓட்டுறது?"

பாண்டி வாய்விட்டுச் சிரித்தான். மதி என் தோளில் விழுந்து சிரித்தாள். ரவி, தயவுசெய்து சிரிக்க வைக்காதீர்கள் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. நீளமாக ஒரு ஹார்ன் அடித்து, வளைவைச் சுற்றி முடித்து, வண்டியை நேராக்கினார். பிறகு என்னிடம் சொன்னார்:

"வெசாரிச்சுப் பாரு."